நானூற்றுப் பத்துக் கிலோ யாருடையது?

வெர்னா கிட்டோ ஒரு வண்டியைச் சோதிக்கப் போனால் முதலில் வாயைத் திறக்கமாட்டாள். எஞ்சின் மூடியைத் தூக்கச் சொல்லி, உள்ளங்கையை எஞ்சின் மேல் வைத்துப் பார்ப்பாள். பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரிதான். கை சுட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். "காலைலயே ஓட்டிச் சூடு பண்ணி வச்சிருக்கீங்க. குளிர்ல கிளம்பாதுங்கறத என்கிட்ட மறைக்கப் பாக்குறீங்க," என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுவாள். கோபம் எல்லாம் கிடையாது. போகிற போக்கில் அவர்கள் வீட்டு நாயைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் போவாள்.

எங்கள் முல்லபாரா பூமியின் தென்பாதியில் இருக்கிறது. இங்கே மே மாதம் குளிர் தொடங்கியதும் தெற்கிலிருந்து வயசானவர்கள் ஜோடி ஜோடியாக வடக்கே வெயிலைத் தேடிப் போவார்கள். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்துக் கட்டிய வீட்டு வண்டிகளில் வருவார்கள். கண்காட்சித் திடலில் நாலைந்து நாள் தங்குவார்கள். அந்தத் திடலைப் பார்த்துக்கொள்வதும், குழாயும் கழிப்பறையும் சுத்தமாக வைத்திருப்பதும் என் வேலை. வருகிறவர்களில் பாதிப் பேர் வண்டியை விற்க நினைக்கிறவர்கள், இல்லையென்றால் வேறு வண்டி வாங்க நினைக்கிறவர்கள். பழைய டீசல் வண்டி என்றால் எல்லோரும் கேட்கிற பெயர் வெர்னா. காசு வாங்கமாட்டாள். ஒரு பாட்டில் ஜாம் கொடுத்தால் போதும். அவள் சமையலறை அலமாரியில் முப்பத்தெட்டு பாட்டில் இருந்தது.

அவள் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். கடைசிப் பண்ணையின் வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை அறுபத்திரண்டு கிலோமீட்டர். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நடுவழியில் வண்டி நின்றால் பட்டறைக்கு ஆள் அனுப்பவே தொண்ணூறு கிலோமீட்டர் போகவேண்டும். பத்தொன்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு யாரைக் கூப்பிடுவது? அதனால் அவளே கற்றுக்கொண்டாள். அவள் ஓய்வு பெற்ற அன்று எங்கள் போதகர் கணக்குப் போட்டுச் சொன்னார். அவள் ஓட்டிய மொத்தத் தூரம் நிலாவுக்குப் போய்த் திரும்பி வருகிற தூரமாம். எல்லோரும் கைதட்டினோம். வெர்னா மட்டும், "ஆனா நான் அந்த ரெண்டு வாசலத் தாண்டலியே," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவளுக்கு ஒரு ஆசை உண்டு. எங்கள் பக்கத்துக் கடலில் சூரியன் மேலே வரும், இறங்காது. மேற்குக் கரைக்குப் போனால்தான் அது தண்ணீருக்குள் இறங்குவதைப் பார்க்கலாம். அவள் பஸ்ஸில் போன பிள்ளை ஒருத்தி அங்கிருந்து அனுப்பிய அட்டைப் படம் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறது. அறுபத்து நாலு வயதில், சொந்தமாக ஒரு வீட்டு வண்டி வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு போய் அதைப் பார்க்கவேண்டும் என்பதுதான் ஆசை. தனக்கென்று ஒன்பது வண்டி பார்த்தாள். ஒன்பதையும் வேண்டாம் என்றாள்.

"உனக்கு வண்டி கடவுள்தான் செஞ்சு தரணும்," என்பான் தானியக் கிடங்கின் எடை மேடையைப் பார்த்துக்கொள்ளும் கெவ்.

"அவர் செஞ்சா ஆயில் ஒழுகாது கெவ். நான் காத்திருக்கேன்," என்பாள் அவளும்.

பத்தாவதாக வந்த வண்டியின் கதைதான் இது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கிளெம் ஹாட்ஃபீல்டும் அவர் மனைவி நோலாவும் திடலுக்குள் வந்தார்கள். இருபத்து நாலு வயதான ஜப்பான் லாரியின் மேல் கட்டிய வெள்ளை வண்டி. பின்பக்கத்தில் 'மன்னிக்கவும், நாங்கள் மெதுவாகத்தான் போவோம்' என்று எழுதியிருந்தது. கண்ணாடியில் 'விற்பனைக்கு' அட்டை. கிளெமுக்கு எழுபத்தாறு வயது. ஒல்லியான, நிமிர்ந்த மனிதர். நோலா குட்டையாக, கம்பளிச் சட்டைப் பைக்குள் எப்போதும் கையை விட்டுக்கொண்டு நிற்பார். கடற்கரை ஊரிலிருந்து ஒரு ஆள் சனிக்கிழமை வந்து பார்க்கப்போவதாகச் சொன்னார்கள். பின்கட்டைப் பிய்த்து எறிந்துவிட்டு அதில் காபிக் கடை வைக்கப்போகிறானாம்.

மறுநாள் விடியற்காலையிலேயே வெர்னா வந்துவிட்டாள். கையை வைத்தாள். எஞ்சின் மேல் பனி ஈரம் இருந்தது. அதுவே அவளுக்குப் பிடித்துவிட்டது.

"எதுக்கு விக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"குடிக்குது. மேடு வந்தா இழுக்கவும் மாட்டேங்குது," என்றார் கிளெம். "பின்னாடி வர்றவன்லாம் என்னைத் திட்டிக்கிட்டே வர்றான். எஞ்சின் செத்துப் போச்சும்மா. சாகறதுக்கு முன்னாடி தள்ளி விட்டுடலாம்னு பாக்குறேன்."

"நல்லா விக்கத் தெரிஞ்ச ஆளுதான் நீங்க," என்றாள் வெர்னா.

சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பில் கிளம்பியது. சாம்பல் நிறத்தில் ஒரு கொத்துப் புகை, அப்புறம் ஒன்றும் இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றுகிற வாயின் மூடியைத் திருகிக் கழற்றி, தலைகீழாக அதன் மேலேயே வைத்தாள். உள்ளே தேய்ந்துபோன எஞ்சின் என்றால் காற்று பீறிட்டு அந்த மூடியை ஆட்டி எறியும். இது அசையாமல் உட்கார்ந்திருந்தது. சைலன்ஸர் வாயில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்து மோந்து பார்த்தாள். ஆயில் வாடை இல்லை. அரைமணி நேரம் அடியில் படுத்துக் கிடந்துவிட்டு, முதுகெல்லாம் புல்லோடு எழுந்து என்னிடம் வந்தாள்.

"இது செத்த எஞ்சின் இல்ல," என்றாள் மெதுவாக. "என் பஸ்ஸு எஞ்சின் பத்து வருஷத்துல இருந்த மாதிரி இருக்கு. எனக்கு இந்த வண்டி வேணும்."

இருபத்தாறு வருடமாக ஆலயத்தில் அவளுக்கு அடுத்த இருக்கையில் உட்காருகிறேன். 'எனக்கு வேண்டும்' என்று அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

அடுத்தது எவ்வளவு குடிக்கிறது என்று பார்ப்பது. அதற்கும் அவளுக்கு ஒரு முறை இருக்கிறது. பங்க்கில் டேங்க்கை நிரப்பி, நுரை அடங்கக் காத்திருந்து, வண்டியைத் தோளால் ஆட்டி, மறுபடி வாய்வரை நிரப்புவாள். டிங்கோ ஏற்றத்தைத் தாண்டி ஐம்பது கிலோமீட்டர் போய், அதே ஐம்பது திரும்பி வந்து, அதே பம்ப்பில், அதே பக்கம் பார்த்து வண்டியை நிறுத்தி மறுபடி நிரப்புவாள். கிளெம், நோலாவோடு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பின்னால் சேருகிற கார்களை எண்ணுவது என் வேலை. ஏற்றத்தில் வண்டி இரண்டாவது கியருக்கு இறங்கி, தலைச்சுமையோடு நடக்கிறவர் போல ஊர்ந்தது. நான் பதினாலு கார் எண்ணினேன். ஒருவர் ஹாரன் அடித்தார். கிளெம் இருக்கையில் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி உட்கார்ந்தார்.

நூறு கிலோமீட்டருக்கு இருபது லிட்டருக்கு மேல் போயிருந்தது.

"பாத்தியா?" என்றார் கிளெம், ஏதோ வழக்கில் ஜெயித்தவர் மாதிரி.

"பாத்தேன். டயர்ல காத்து கொஞ்சம் கம்மி. அது ஒரு காரணம். மத்தது எனக்குப் புரியல," என்றாள் வெர்னா. "புரியாம நான் வாங்கறதில்ல. நாளைக்குச் சாமானெல்லாம் எறக்கிட்டு வெறும் வண்டிய எடை போடணும்."

கிளெம் முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த சிறு பெட்டியைத் திறந்து ஒரு சீட்டை எடுத்தார். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். வண்டி வாங்கிய அன்று, பதினாலு வருடத்துக்கு முன்னால் எடை போட்ட சீட்டு. காலி வண்டி, டேங்க் நிறைய டீசல், நாலாயிரத்து முந்நூறு கிலோ. ஐயாயிரத்து ஐந்நூறு வரை ஏற்றலாம்.

"இந்த வண்டியோட எடை என் எடையவிட எனக்கு நல்லாத் தெரியும்," என்றார்.

"அவர்தான் சொல்றாரே. எதுக்கு வீண் வேலை," என்றார் நோலாவும், பைக்குள் கையை விட்டபடி.

அப்படிச் சொல்ல கிளெமுக்கு உரிமை இருக்கிறது என்றே நானும் நினைத்தேன். எடை விஷயத்தில் கிளெம் மாதிரி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. மறுநாள் மதியம் சாமான்களை இறக்கித் தார்ப்பாயில் பரப்பும்போதுதான் முழுசாகத் தெரிந்தது. பல் துலக்கும் பிரஷ் இரண்டுக்கும் காம்பைப் பாதியில் நறுக்கியிருந்தார். ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு கரண்டி. விருந்தாளிக்கு என்று மூன்றாவது டம்ளர் ஒன்று. கதைப் புத்தகத்தில் படித்து முடித்த பக்கங்களைக் கிழித்துவிடுவாராம். டப்பா உணவு வாங்கினால் மேலே ஒட்டிய காகிதத்தைக்கூட உரித்துவிடுவாராம். அதனால் எந்த டப்பாவில் பட்டாணி, எந்த டப்பாவில் பழம் என்று திறந்தால்தான் தெரியும்.

எங்கள் திடலில் சாயங்காலம் ஐந்து மணி ஆனால், தங்கியிருப்பவர்கள் எல்லோரும் தங்கள் நாற்காலியையும் தங்கள் பானத்தையும் எடுத்துக்கொண்டு வட்டமாக உட்காருவது வழக்கம். அன்றைக்கு நாலு மணிக்கே வந்துவிட்டார்கள். வட்டத்துக்குப் பதில் தார்ப்பாயைப் பார்த்து வரிசையாகப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"கிளெம், உன் ஜட்டியிலயும் பாதிய நறுக்கிட்டியா?" என்று ஒருவர் கேட்டார்.

"இவருக்கு முடி கொட்டினப்போ நான் அழுதேன். இவர் சந்தோஷப்பட்டார்," என்றார் நோலா. எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என் கேக் தட்டைக்கூட எடுத்துட்டு வர விடல. எங்கம்மா குடுத்தது. எண்ணூறு கிராம்தான்," என்றார்.

"எண்ணூறு கிராம் எண்ணூறு கிராம்தான்," என்றார் கிளெம்.

வெள்ளிக்கிழமை காலை தண்ணீர்த் தொட்டிகளையும் வடித்துவிட்டு, வெறும் வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோனோம். போகிற வழியில் டேங்க்கை மறுபடி நிரப்பினோம். அறுவடைக் காலம் இல்லாததால் கிடங்கில் யாரும் இல்லை. நாங்கள் நாலு பேரும் இறங்கித் தள்ளி நின்றோம். கெவ் தன் சின்ன அறையின் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"நாலாயிரத்து எழுநூத்திப் பத்து."

"தப்பு," என்றார் கிளெம்.

"தப்புன்னா எறங்கி மறுபடி ஏறுங்க."

வண்டியை மேடையிலிருந்து இறக்கி மறுபடி ஏற்றினோம். அதே நாலாயிரத்து எழுநூற்றுப் பத்து. சீட்டில் இருந்ததைவிட நானூற்றுப் பத்துக் கிலோ அதிகம். காம்பு நறுக்கிய பிரஷ்ஷின் சொந்தக்காரர் முகம் வெளுத்துப்போனது. நேராகக் கெவ்வின் அறைக்குள் போய், "உன் தராசு கெட்டுப்போச்சுடா," என்று ஆரம்பித்தார்.

"போன வாரம்தான் வந்து முத்திரை வச்சுட்டுப் போனாங்க தாத்தா."

"எவன் வச்சான்?"

அவர்கள் அப்படியே போய்க்கொண்டிருக்க, வெர்னா டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினாள். நான் வாசற்படியில் நின்றேன். நோலா என்னை இடித்துக்கொண்டு அவள் பின்னால் ஏறினார். வெர்னா ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து மூடினாள். கடைசியில் கட்டில் மெத்தையைத் தூக்கினாள். அடியில் பலகை. பலகையில் எட்டுத் திருகுகள். வண்டியில் மற்ற திருகெல்லாம் துருப்பிடித்திருக்க, இந்த எட்டும் மட்டும் தலை தேய்ந்து பளபளவென்று இருந்தன. அடிக்கடி கழற்றி மாட்டிய திருகு அப்படித்தான் இருக்கும்.

வெர்னா திரும்பி நோலாவைப் பார்த்தாள். நோலா பைக்குள்ளிருந்து கையை எடுத்தார். கையில் ஒரு திருப்புளி.

"அவர் குளிக்கப் போற நேரத்துல கழட்டுவேன்," என்றார். "பத்து நிமிஷம் கிடைக்கும்."

பலகைக்குக் கீழே கற்கள். ஒவ்வொன்றும் செய்தித்தாளில் சுற்றி, முட்டை அடுக்குகிற மாதிரி அடுக்கி வைத்திருந்தார். எந்த ஊரில் எடுத்த கல்லோ, அந்த ஊரின் செய்தித்தாள். உள்ளே கோடு கோடாகச் சிவந்த அகேட் கற்கள், கல்லாகிப்போன மரத்துண்டுகள், வெளியே உருளைக்கிழங்கு மாதிரியும் உள்ளே நட்சத்திரம் மாதிரியும் இருக்கிற இடிமுட்டைக் கற்கள்.

"ஒரு ஊருக்கு ஒண்ணுதான் எடுப்பேன். நல்ல ஊரா இருந்தா ரெண்டு," என்றார் நோலா. "பதினாலு வருஷம் ஆயிடுச்சா, சேந்துபோச்சு. இந்த வாரம் கமுக்கமா வெளிய போட்டுடலாம்னுதான் பாத்தேன். இடுப்பு விடல."

"இந்தக் கல்லுதான் நோலா உங்க வண்டி ஏறாததுக்குக் காரணம்."

"தெரியும்மா. ரொம்ப நாளாத் தெரியும்." நோலா வெர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்களுக்குக் கல்யாணம் ஆகி அம்பத்தோரு வருஷம். மூணாவது டம்ளருக்கே ஒரு மாசம் சண்டை போட்ட மனுஷன் அவரு. இது தெரிஞ்சா என்ன நினைப்பாரு? நீ வாங்கிக்கோ. வாங்கினப்புறம் எல்லாத்தையும் தூக்கி எறி. உனக்கு வண்டி குதிரை மாதிரி ஓடும். அவருக்கு மட்டும் தெரிய வேணாம்."

வெர்னா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். வாயை மூடிக்கொண்டால் வண்டி அவளுக்கு. செத்த எஞ்சினுக்குச் சொன்ன விலைக்கு, நல்ல எஞ்சின். வாயைத் திறந்தால், கிளெமுக்குத் தன் வண்டி நல்ல வண்டி என்று தெரிந்துபோகும். தெரிந்தபின் யார் விற்பார்கள்? நான் படியில் நின்று மனதுக்குள் ஒரு சின்ன ஜெபம் செய்தேன். யாருக்காக என்று தெளிவாகச் சொல்ல முடியவில்லை. மூன்று பேருக்கும் சேர்த்தே செய்தேன்.

"நோலா," என்றாள் வெர்னா, "நான் சொல்லமாட்டேன். அது உங்க வாயால வர வேண்டியது. ஆனா நீங்க சொல்ற வரைக்கும் நான் இந்த வண்டிய வாங்க முடியாது."

"ஏம்மா? உனக்கு நல்லதுதானே?"

"எஞ்சின் செத்துப் போச்சுன்னு நெனச்சு அவர் விக்கிறாரு. சாகலன்னு எனக்குத் தெரியும். அதத் தெரிஞ்சுக்கிட்டே வாங்கினா, அந்தக் கடற்கரையில போயி நின்னுக்கிட்டு சூரியனை எந்த மூஞ்சிய வச்சுப் பாப்பேன்?"

நோலா திருப்புளியைப் பைக்குள் போட்டார். அப்புறம் இறங்கிப் போய்க் கெவ்வின் அறை வாசலில் நின்றார்.

"கிளெம். அந்தப் பையன விடு. அந்த நானூறு கிலோ நான்தான்."

"நீ எழுபதுகூட இருக்கமாட்டே," என்றார் கிளெம்.

அவரைக் கூட்டிவந்து காட்டினார். கிளெம் மெத்தைக்கு அடியில் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். ஒரு கல்லை எடுத்து, சுற்றியிருந்த காகிதத்தில் ஊர்ப் பெயரைப் படித்துவிட்டு, பத்திரமாகத் திரும்பச் சுற்றினார். என்ன சொல்வாரோ என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, "இந்த ஊர்லதான் எனக்குப் பல் வலி வந்துச்சு," என்றார்.

நாங்கள் ஐந்து பேரும் வரிசையாக நின்று கற்களைக் கை மாற்றி இறக்கினோம். நூற்று எழுபத்தொன்பது கற்கள். வேலியோரம் குவித்தோம். மறுபடி எல்லோரும் தள்ளி நின்றோம்.

"நாலாயிரத்து நானூத்தி அம்பது," என்றான் கெவ். "இன்னும் நூத்தம்பது எங்கியோ இருக்கு."

எல்லோரும் நோலாவைப் பார்த்தோம்.

"நான் அவ்வளவுதான்," என்றார் நோலா. "சத்தியமா."

வெர்னா தலையைத் திருப்பி கிளெமைப் பார்த்தாள். கிளெம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்தார். சுத்தமாக இருந்த கண்ணாடி அது.

"கிளெம்?" என்றார் நோலா.

"அது பாரம் இல்ல," என்றார் கிளெம். "அது பாதுகாப்பு."

ஓட்டுநர் பக்கத்து வெளிப்பெட்டியில், தீயணைப்புக் கருவிக்குப் பின்னால் ஒரு தகரத் தடுப்பு இருந்தது. அதை அவரே கழற்றினார். உள்ளே மெழுகுத் தாளில் சுற்றிய ஒரு சிலிண்டர் ஹெட். ஒரு கிராங்க் ஷாஃப்ட். செல்ஃப் மோட்டார், வாட்டர் பம்ப், டைனமோ, கிளட்ச் பிளேட், ஸ்பிரிங் பட்டை மூன்று. பாலைவனத்துக்கு நடுவில் எஞ்சின் போய்விட்டால் என்ன செய்வது என்று, ஒவ்வொரு வருடமும் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்திருக்கிறார். பதினாலு வருடத்தில் ஒன்றைக்கூடப் பிரிக்கவேண்டி வரவில்லை. மெழுகுத் தாளின் மடிப்புகூடக் கலையவில்லை.

நோலா கிராங்க் ஷாஃப்ட்டின் முன்னால் வந்து நின்றார்.

"இது எவ்வளவு கிலோ?"

"முப்பத்தஞ்சு இருக்கும்."

"என் கேக் தட்டு எண்ணூறு கிராம், கிளெம்."

முதலில் கெவ்தான் சிரித்தான். அடுத்து நோலா. கற்குவியலின் மேலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கிளெமும் சிரித்துவிட்டு, மனைவியின் பக்கத்தில், இன்னொரு ஊரின் மேல் உட்கார்ந்தார். வெர்னா மட்டும் இரும்புச் சாமான்களை ஒவ்வொன்றாக இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

நாலாயிரத்து முந்நூற்றுப் பத்து. மிச்சம் பத்துக் கிலோ பதினாலு வருட ரோட்டுப் புழுதி என்று கெவ் சொன்னான்.

டயருக்குக் காற்று நிரப்பி, தார்ப்பாய்ச் சாமான்களை மறுபடி ஏற்றி, தண்ணீர் நிரப்பி, மதியம் மறுபடி டிங்கோ ஏற்றத்துக்குப் போனோம். கற்களும் இரும்பும் கிடங்கு வேலியோரமே கிடந்தன. இந்தத் தடவை வெர்னா ஓட்டவில்லை. "நீங்க ஓட்டுங்க," என்று கிளெமிடம் சாவியைக் கொடுத்தாள். ஏற்றம் தொடங்கியது. கிளெமின் கை பழக்கத்தில் கியர் கம்பிக்குப் போனது. வண்டி கியரை இறக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கை அங்கேயே நின்றது. மூன்றாவது கியரிலேயே வளைவு, அடுத்த வளைவு, உச்சி. பின்னால் இரண்டே கார்கள். இறங்கும்போது கிளெம் ஏதோ மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் வெர்னாவைப் பார்த்தேன். அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது.

நிரப்பிப் பார்த்ததில் பதினெட்டு லிட்டர் சொச்சம். இருபத்து நாலு வயதுக்கு அது மரியாதையான கணக்கு.

"வாங்குறியா?" என்று கேட்டார் கிளெம். கேட்டுவிட்டு, எங்கே ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்த முகத்தோடு நின்றார்.

"நீங்க விக்க நெனச்சது வேற வண்டி," என்றாள் வெர்னா. "இது அது இல்ல. ஒரு ராத்திரி யோசிங்க. காபிக்காரன வரவேணாம்னு சொல்லுங்க. இந்தப் பின்கட்டைப் பிய்ச்சா எனக்கு மனசு தாங்காது."

அன்றைக்கு ஐந்து மணி வட்டத்துக்கு அவள் வரவில்லை. நான் அவள் வீட்டுக்கு ஸ்கோன் ரொட்டி சுட்டுக் கொண்டுபோனேன். தொட்டியின் முன்னால் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே கழுவிய பாத்திரம்தான். "பத்து வண்டி ஆயிடுச்சு," என்றாள். துண்டை எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கிளெமும் நோலாவும் ஆலயத்துக்கு வந்து எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது கிளெம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நாங்க வடக்க போறோம். இந்தக் குளிருக்கு மட்டும். பதினாலு வருஷமா இந்த வண்டிய நான் திட்டிக்கிட்டே ஓட்டியிருக்கேன். ஒரு தடவையாவது திட்டாம ஓட்டிப் பாக்கணும். ஆகஸ்ட் கடைசில திரும்பி வந்துடுவோம். அப்புறம் என் முட்டியும் விடாது, இவ இடுப்பும் விடாது. அப்ப அது உன்னுது. அதே விலை."

"வெலைய ஏத்திக்கோங்க. எஞ்சின் நல்லா இருக்கு," என்றாள் வெர்னா.

"வாயை மூடு," என்றார் கிளெம் அன்பாக. பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவள் தட்டில், பிஸ்கட் பக்கத்தில் வைத்தார். "இது ரெண்டாவது சாவி. நீயே வச்சுக்கோ. வண்டில இதுவும் ஒரு எடைதானே."

ஒரு வாரம் கழித்து, திங்கட்கிழமை காலை கிளம்பினார்கள். சிலிண்டர் ஹெட், கிராங்க் ஷாஃப்ட் எல்லாவற்றையும் வெர்னாவின் கொட்டகையில் இறக்கிவிட்டார்கள். கெவ்வுக்கு அது பெரிய வேடிக்கை. வண்டி இல்லாமல் எஞ்சின் மட்டும் வைத்திருக்கிற ஒரே பொம்பளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். கற்களை என்னிடம் விட்டுப்போனார்கள். திடலின் குழாயைச் சுற்றி வரிசையாகப் பதித்திருக்கிறேன். தண்ணீர் பட்டால் அழகாக இருக்கின்றன. நோலா தன் கேக் தட்டைத் தபாலில் வரவழைத்துவிட்டார். கதவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டு வண்டியில் ஏறினார். ஏறும்போது குழாயடியில் குனிந்து எதையோ எடுத்து மேல்சட்டைப் பைக்குள் போட்டதை நானும் வெர்னாவும் பார்த்தோம். வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

வண்டி ஊர் எல்லையைத் தாண்டியபின்னும் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். காலைக் குளிரில் ஏற்றத்தில் போகிற வண்டியின் சத்தம் ஊர்வரை கேட்கும். வெர்னா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"மூணாவதுலயே ஏறுது," என்றாள். சாவியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனாள்.

இப்போது ஜூன் முடியப்போகிறது. நேற்று அவளைப் பார்க்கப் போனேன். பழைய பஸ் சாவி மாட்டியிருந்த ஆணியில் இந்தச் சாவி தொங்குகிறது. மேசையில் சாலை வரைபடம் விரித்திருந்தது. அலமாரியில் ஜாம் முப்பத்தொன்பது பாட்டில், கடைசியில் இருப்பது நோலா கொடுத்தது. ஒரு கையில் கத்தரிக்கோலும் இன்னொரு கையில் பல் துலக்கும் பிரஷ்ஷுமாக வெர்னா யோசித்துக்கொண்டு நின்றாள்.

"வேணாம் வெர்னா," என்றேன்.

"எத்தனை கிராம் இருக்கும்னு பாத்தேன்," என்றாள். கத்தரிக்கோலை உள்ளே வைத்தாள்.